தமிழுக்கு 1, மனிதருக்கு?

சந்தவாசலில் தறியில் உட்கார்ந்த நெசவாளிக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும், காலோ மிதிபலகையில். நெட் போச்சே என்று வாடிக்கையாளர் சேவைக்கான 198-ஐக் கூப்பிட்டால், "தமிழுக்கு 1-ஐ அழுத்தவும்" என்கிறது பதிவுக்குரல். எதைக்கொண்டு அழுத்துவதாம்?

அப்புறம் 2, 4, 9. நடுவில் காலர் டியூன் விளம்பரம். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்." முக்கியம் என்பதால்தான் விடவே மாட்டேன் என்கிறார்கள்!

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-இல் விதி வகுத்தது: ஒவ்வொரு புகாருக்கும் எண் தரவேண்டும், தீர்வு திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு, 39 நாளுக்குள் முடிவு. மேல்முறையீட்டு அதிகாரியை நியமிப்பதும் அதே டெலிகாம் கம்பெனிதான். மருமகளின் புகாரை மாமியார் வீட்டிலேயே விசாரிக்கிற பஞ்சாயத்து.

ஆகவே சந்தாதாரர்களே, "புகார் முடிக்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வந்தாலும் புகார் எண்ணை அழித்துவிடாதீர்கள். மேல்முறையீட்டில் அதைத்தான் கேட்பார்கள்.