கீரியும் பாம்பும்

கேள்வி: மன்னாரில் ஓர் ஊருக்குப் பெயர் கீரி. அப்படியிருந்தும் விலைவாசிப் பாம்பு மன்னார்க் குடும்பங்களைக் கொத்தியதே?

பதில்: பாம்பு மண்ணெண்ணெய் குடித்தல்லவா வளர்ந்தது!

2022 ஆகஸ்டில் லீட்டர் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே தாவலில் 340 ஆனது. சின்னப் படகுகளின் இயந்திரத்துக்கு அதுதான் தீனி. வலையை விரிக்குமுன்பே வீட்டுக்காசு கரைந்தது. அடுத்த மாதம் கொழும்பு விலைச்சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம்.

கீரியாய் நின்று எதிர்த்தவர்கள் அடுப்படியில் இருந்த தாய்மார்தான். விலைபோகாத சூடை, வேலியோர முருங்கையிலை, மிஞ்சிய மீனுக்கு உப்பும் வெயிலும். முள்ளோடு தின்னக்கூடிய சின்ன மீனில் பிள்ளையின் எலும்புக்கு வேண்டிய கல்சியம் இருக்கிறது. பால்மா வாங்க முடியாத வீட்டுக்கு இது பெரிய உதவி.

ஆனால் சாமர்த்தியத்துக்கும் எல்லை உண்டு. 2023 ஜூலையில் வந்த அரசின் அஸ்வெசும நிவாரணத் திட்டம் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாய் என்றது. நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 125 ரூபாய். அதற்குள் சோறு, கொப்பி, மருந்து எல்லாம் அடங்கியிருக்குமா? இந்தக் கணக்கைத் தாயிடம் கேட்கக்கூடாது, திறைசேரியிடம் கேட்கவேண்டும்.