ஒரு கிலோ நெய்யும் ஒரு ரசவாதியும்

ஊர்ப் பேர்தான் காணை. எனக்கு இங்கே ஒரு காணி நிலம்கூடக் கிடையாது. மாடியில் 11 தொட்டி உண்டு. அதில் கத்தரி காய்க்கவில்லை என்று பஞ்சகவ்யம் தயாரிக்க இறங்கினேன் பாருங்கள், அங்கே பிடித்தது சனி.

7 கிலோ சாணத்தில் 1 கிலோ நெய்யைப் பிசைந்து 3 நாள் வைக்க வேண்டும். சாணம் எதிர்வீட்டு மாடு கொடுத்தது. நெய், தீபாவளிக்கென்று வீட்டுக்காரி பரண்மேல் ஒளித்து வைத்திருந்தது. அப்புறம் கோமியம், பால், தயிர், இளநீர், வெல்லம், ஒரு டஜன் வாழைப்பழம் என்று போட்டு, ஒரு மாதம் காலையும் மாலையும் கலக்கினோம். இரண்டாவது வாரமே திருவண்ணாமலை பஸ் எங்கள் தெருமுனையில் நிற்பதை விட்டுவிட்டது.

24 லிட்டர் தேறியது. 100 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் போதுமாம். அப்படியானால் 800 லிட்டர் தண்ணீரில் கலக்கலாம். தொட்டி 11.

"ரெண்டு கை மல்லாட்டைப் புண்ணாக்கு போட்டிருந்தா முடிஞ்சுது" என்றார் எதிர்வீட்டுக்காரர். சாணம் கொடுத்த அன்று சொல்லியிருக்கலாம்.

அன்று ராத்திரி மகள் செல்போனை நீட்டினாள். "அப்பா, உன் படம்." 1558-ல் ஓவியர் புரூகல் வரைந்து, பிலிப்ஸ் காலே செப்புத் தகட்டில் செதுக்கியது. ஒரு ரசவாதி கடைசிக் காசையும் மூசையில் போடுகிறான். பெண்டாட்டி காலிச் சுருக்குப்பையைக் காட்டுகிறாள். எங்கள் வீட்டில் அது நெய் டப்பா. கீழே கோமாளிக் குல்லாயோடு துருத்தி ஊதுகிறவன் சந்தேகமில்லாமல் என் மச்சான். வலப்பக்கம் ஒரு படிப்பாளி, கையில் கரி படாமல், புத்தகத்தைச் சுட்டி 'இப்படிச் செய்' என்கிறான். எனக்கும் வீடியோவில் ஒருத்தர் அப்படித்தான் விரல் நீட்டினார். நெய் அவர் வீட்டு நெய் இல்லையே. அந்தப் புத்தகத்தில் இருப்பது 'ஆல்கே மிஸ்ட்'. ரசவாதி என்றும் படிக்கலாமாம், எல்லாம் போச்சு என்றும் படிக்கலாமாம்.

வீட்டுக்காரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "சன்னலுக்கு வெளியில போறது யாருங்க?"

"அதே குடும்பம்தான். சொத்தெல்லாம் கரைஞ்சு, தர்மசத்திரத்துக்குப் போறாங்க."

"பரவால்ல, அந்தாளையும் கூட்டிக்கிட்டுப் போறாளே" என்றவள், அம்மா வீட்டுக்குப் போக ஒரே ஒரு பையை எடுத்து வைத்தாள்.

கத்தரி இன்னும் காய்க்கவில்லை. டிரம்மில் ஏறக்குறைய 24 லிட்டரும் அப்படியே இருக்கிறது. உங்கள் வீட்டில் எத்தனை தொட்டி?