மேல எப்ப எடுக்கப்போறீங்க?

நேற்று சாயங்காலம் மொட்டை மாடியில் பில்லர் கம்பி மாட்டி என் வேட்டி கிழிந்தது. ஓரமாக இல்லை, முழங்காலில் ஆரம்பித்துக் கரை வரைக்கும். கூட நின்ற மாமா, ரத்தம் வருகிறதா, டிடி ஊசி போட வேண்டுமா என்றெல்லாம் கேட்கவில்லை. கம்பியை ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிட்டு, “மேல எப்ப மாப்ள எடுக்கப்போற?” என்றார்.

மாடி எடுப்பதா வேண்டாமா என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இந்தக் கம்பியைப் பற்றி இரண்டு வார்த்தை.

அப்பா வீடு கட்டியது 1994-இல். ஒன்பது பில்லர், பில்லருக்கு நாலு கம்பி. 16 மில்லி முறுக்குக் கம்பி. பின்னால் மாடி எடுக்கும்போது புதுக் கம்பியை ஒட்டிக் கட்ட வேண்டும் அல்லவா, அதற்காக மேஸ்திரி ஒவ்வொன்றையும் மூன்றடி வெளியே விட்டார். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். கம்பி கட்டுகிற எவரைக் கேட்டாலும் சொல்வார். 16 மில்லிக்கு 1.58 கிலோ. எங்கள் வீட்டுத் தலையில் முப்பத்தாறு கம்பியாக நிற்பது மொத்தம் ஐம்பது கிலோ சொச்சம். ஒரு மூட்டை சிமென்ட்டின் எடையுள்ள இரும்பு, ஒரு வேலையும் செய்யாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

வேலை செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. கிழக்குப் பில்லரில் துணிக்கொடி. அதற்கடுத்ததில் கேபிள்காரர் இழுத்துக் கட்டிய வயர். அந்த வயர் எங்கள் வீட்டுக்கானது அல்ல, பின் தெருவுக்குப் போகிறது. மூன்றாவதில், டிடிஎச் வந்த புதிதில் மாட்டிய குடை. இப்போது அதில் காக்கை கூடு கட்டியிருக்கிறது. நடுப் பில்லரின் நாலு கம்பியும் என் பையனுக்கு எட்டு வருஷம் ஸ்டம்பாக இருந்தன. எல்பிடபிள்யூ கேட்டால் கம்பியை மறைத்ததா இல்லையா என்று அம்மாதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தெற்கே இரண்டு பில்லருக்கும் நடுவில் பழைய சேலையைக் கட்டி, அதன் நிழலில் உட்கார்ந்து அம்மா வடகத்துக்குக் காவல் இருப்பார். தெருப்பக்கப் பில்லரில் திருஷ்டி பொம்மை. வீடு கட்டி முடிகிறவரைக்கும்தான் பொம்மை என்று கணக்கு. எங்கள் வீடு இன்னும் முடியவில்லையே, எப்படி இறக்குவது என்கிறார் அம்மா. பொம்மைக்கு மீசை போய்விட்டது, நாக்கு போய்விட்டது. இப்போது அதைப் பார்க்கிறவர்களுக்கு இரக்கம்தான் வருகிறது.

கம்பியின் தலையில் காலி பெப்சி பாட்டிலைக் கவிழ்த்து வைக்கச் சொன்னார் ஒருவர். சிமென்ட் பால் அடிக்கச் சொன்னார் இன்னொருவர். இரண்டையும் செய்தோம். ஐப்பசி மழை பாட்டிலைத் தள்ளிவிட்டது, சிமென்ட் பால் சித்திரை வெயிலில் செதில் செதிலாக உதிர்ந்தது. துரு மட்டும் நிற்காமல் இறங்கிக்கொண்டிருக்கிறது. வருஷா வருஷம் வெள்ளையடிக்கிறேன். வருஷா வருஷம் சுவரில் பில்லருக்கு ஒரு கோடாகக் காவி வழிகிறது. துருப்பிடித்தால் இரும்பு இரண்டு மடங்குக்கு மேல் வீங்கும், சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கும் என்று மாமா கூட்டி வந்த இன்ஜினியர் விளக்கினார். சுத்தியல் மாதிரி ஒரு கருவியால் பில்லரைத் தட்டி எண்களைக் குறித்துக்கொண்டார். அவருக்குத்தான் கருவி வேண்டும். எங்கள் சொந்தக்காரர்களுக்கு வேண்டாம். மாடிக்கு வருகிற ஒவ்வொருவரும் குதிகாலால் ஓங்கி மிதித்து, “நல்லா கனமாத்தான் போட்ருக்காரு, தாங்கும்” என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள். 800 சதுர அடிக்கு 5 அங்குலக் கனத்தில் இன்னொரு தளம் போட்டால் கான்கிரீட் மட்டும் 23 டன். சுவர் தனி, பீரோ தனி, குடிவருகிறவர் தனி. இதைத் தாங்குமா என்பதைக் குதிகால் சொல்கிறது.

இன்ஜினியர் போகும்போது ஒன்று சொன்னார். இந்தக் கம்பி ஆகாதாம். வெட்டி எறிந்துவிட்டு, பில்லரில் துளை போட்டு, கெமிக்கல் ஊற்றிப் புதுக் கம்பி நடுவார்களாம். அப்படியானால் இத்தனை வருஷமும் இது எதற்காக நின்றது? பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டேன். அம்மா வாசலிலேயே அவரை நிறுத்தி மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். கம்பியை வெட்டினால் வீடு அதோடு நின்றுபோகுமாம்.

மாமாவுக்கு எல்லாவற்றுக்கும் விடை இருக்கிறது. அப்ரூவலா? 2024-லிருந்து சுயசான்று முறை வந்துவிட்டது. 2,500 சதுர அடி மனைக்குள், கீழும் மேலுமாக 3,500 சதுர அடி வரை ஆன்லைனிலேயே வாங்கிவிடலாம். நல்ல நாளா? வாஸ்து புருஷன் வருஷத்துக்கு எட்டு நாள்தான் கண் விழிப்பார். விழித்தாலும் ஒன்றரை மணி நேரம். அதற்குள் பல் தேய்த்து, குளித்து, பூஜை முடித்து, சாப்பிட்டு, தாம்பூலம் போட வேண்டும். சாப்பிடுகிற நேரத்திலோ தாம்பூலம் போடுகிற நேரத்திலோ நாம் போய் நின்றால் நல்லது. அப்படித் தூங்குகிறவரைக் கேட்டுக்கொண்டு வீடு கட்டினால் முப்பது வருஷம் ஆகாமல் என்ன செய்யும்?

“மாடி எடுத்தா கீழ குளுகுளுன்னு இருக்கும்ல?”

இருக்கும். பகலெல்லாம் வாங்கிய வெயிலைத் தளம் ராத்திரி பத்து மணிக்குத்தான் எங்கள் தலையில் இறக்குகிறது. மாடி எடுத்தால் அது மேலே இருப்பவர் தலையில் இறங்கும். நான் பத்தடி தள்ளிப்போய்த் தூங்குவதற்கு வங்கிக்குப் பதினைந்து வருஷம் தவணை கட்ட வேண்டும்.

“பையன் கல்யாணத்துக்காவது எடு.”

பையன் இருப்பது ஹைதராபாத்தில். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிறான். வந்தாலும் ஹாலில் ஏசிக்கு நேர் கீழே படுத்துவிட்டு, எழுந்து ரயிலேறுகிறான். ஊரில் யாருக்கும் தன் வீட்டுப் பையன் திரும்பி வருவானா என்று கேட்கத் தைரியம் இல்லை. அடுத்தவன் மாடியை அண்ணாந்து பார்க்க மட்டும் கழுத்து இருக்கிறது. கீழே இருக்கிற மூன்று அறையில் ஒன்றில் அரிசி மூட்டையும் பழைய குக்கரும்தான் குடியிருக்கின்றன. இன்னும் மூன்று அறை கட்டி அதில் எதை வைப்பேன்?

என் கருத்துக்கு வருகிறேன். வருவதற்குள் இதையும் சொல்லிவிடுகிறேன்: மாடி என்னுடையதே இல்லை. அப்பாவின் உயிலில், கீழ்வீடு பெரியவனுக்கு, மேல்வீடு சின்னவனுக்கு. கட்டாத வீட்டை அளந்து, நாலு எல்லை சொல்லி, பங்கு பிரித்துவிட்டுப் போயிருக்கிறார். அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரே இந்த மாமாதான். தம்பி பெங்களூரில் இருக்கிறான். அவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

கிழிந்த வேட்டியோடு நானே அவனுக்குப் போன் போட்டேன். கம்பியை வெட்டப்போகிறேன் என்றேன்.

“என் வீட்டுக் கம்பிய நீங்க எப்படிண்ணே வெட்டுவீங்க?” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அப்புறம் சிரிக்காமல், “அது கிடக்கட்டும். உங்க தண்ணி டேங்கு என் ஹால்ல நிக்குது. அதை எப்ப எடுக்கப்போறீங்க?”

அம்மாவின் வடகம் அவன் பெட்ரூமில் காய்வதை நான் சொல்லவில்லை.