கடவுச்சொல் இல்லாதவர்கள் கவனத்துக்கு

சொத்து வரியைக் குறைக்க தமிழ்நாட்டில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மனுப் போடுவது. இன்னொன்று மதுரையில் அம்பலமானது.

சுலபமான வழியை முதலில் பார்த்துவிடுவோம். அதிகாரிகளின் கடவுச்சொல்லைப் போட்டு மாநகராட்சிக் கணினிக்குள் நுழைந்து, வணிகக் கட்டடங்களின் வரியை வெட்டிவிட்டார்கள் என்பது வழக்கு. மனு இல்லை. விசாரணை இல்லை. செருப்புத் தேயவில்லை. 2025 ஜூலையில் ஐந்து மண்டலத் தலைவர்கள் பதவி விலகினார்கள். அக்டோபரில் மேயரும் விலகினார். மிச்சம் நீதிமன்றத்தின் பாடு. நமக்குக் கடவுச்சொல் தெரியாது. ஆகவே நம் வழிக்கு வருவோம்.

நம் வழி வரி ஏறுவதில் தொடங்குகிறது. அதற்குப் பஞ்சமில்லை. 2018 ஜூலையில் ஏற்றினார்கள். உள்ளாட்சித் தேர்தல் வாசனை அடித்ததும் 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள். ஆட்சி மாறியது. புத்தி மாறவில்லை. 2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம். விரல் மை அழிவதற்குள், ஏப்ரல் முதல் தேதி, உயர்வு அறிவிப்பு வந்தது. நாள் குறித்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது. சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடி வரை 50 சதவீதம். 1,800-ஐத் தாண்டினால் 150. ஏனென்று கேட்டால், 15-வது நிதிக் குழு சொன்னது என்றார்கள். ஏற்றினால் டெல்லியின் நிபந்தனை. நிறுத்தினால் தாயுள்ளம்.

அதோடு விட்டார்களா? வருடா வருடம் 6 சதவீதம் ஏறும் ஏற்பாடு வந்தது. சென்னையில் அது 2024 அக்டோபரில் அமலானது. வரி தானாக ஏறும். சாக்கடை அடைப்புக்கு மட்டும் நாம் நாலு முறை போன் போட வேண்டும்.

இந்தச் சதவீதத்தை எதிர்த்து வார்டு அலுவலகத்தில் முறையிட்டுப் பயனில்லை, அது அரசாணை. உங்கள் வீட்டைப் பற்றி அவர்கள் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கும் கதையைத்தான் எதிர்க்க முடியும். தெருவின் அடிப்படை மதிப்பு எவ்வளவு, பரப்பு எத்தனை சதுர அடி, வீடா கடையா, நீங்கள் இருக்கிறீர்களா வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா, கட்டடத்துக்கு என்ன வயது. கதையில் பாத்திரங்கள் இவ்வளவுதான். ஆனால் கற்பனை அபாரம்.

என் வீட்டில் இருபது வருடமாக நான்தான் குடியிருக்கிறேன். பதிவேட்டில் வாடகைக்கு விட்டிருக்கிறேன். அந்த வாடகைக்காரர் யாரென்று சொன்னால் போய்ப் பாக்கியையாவது வசூலிப்பேன். பின்புறம் ஸ்கூட்டர் நிற்கும் தகரக் கொட்டகையையும் அறையாக்கிவிட்டார்கள். ஸ்கூட்டர் இதைக் கேட்டு நெகிழ்ந்துவிட்டது.

சரி, மனு. நோட்டீஸில் போட்டிருக்கும் கெடுவுக்குள் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். பத்திர நகல், அனுமதி பெற்ற வரைபடம், பழைய வரி ரசீது, மின் கட்டண ரசீது எல்லாவற்றையும் இணையுங்கள். 'மறு அளவீடு செய்க' என்று தெளிவாக எழுதுங்கள். முக்கியமாக, தேதியும் முத்திரையும் போட்ட ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள். 'சார் மீட்டிங்ல இருக்கார்' என்பார்கள். நில்லுங்கள். என்ன கணக்கில் வரி போட்டீர்கள் என்று கேட்டு, பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது: பத்து ரூபாய், முப்பது நாள். உங்கள் வீட்டின் அளவை உங்களுக்கே சொல்ல அரசாங்கத்துக்கு அத்தனை நாள் தேவைப்படுகிறது.

மனுவில் நியாயம் கிடைக்கவில்லையென்றால் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு. அதில் உட்காருபவர்கள் கவுன்சிலர்கள். வரியை உயர்த்தும் தீர்மானத்துக்குக் கை தூக்கிய அதே மன்றத்துக்காரர்கள். தூக்கிய கை வலிக்கிறதோ என்னவோ, கூட்டம் தள்ளித் தள்ளிப் போகும். அதற்கும் மேலே நீதிமன்றம். வக்கீல் ஃபீஸைக் கேட்டதும் வரியே மலிவு என்று தோன்றும். அப்படித் தோன்ற வைப்பதற்குத்தான் இத்தனை படிகள்.

மனு நிலுவையில் இருக்கிறதே என்று கட்டாமல் இருந்துவிடாதீர்கள். நாம் தாமதித்தால் வட்டி. அவர்கள் தாமதித்தால் 'பரிசீலனை'. வரியோடு சேர்த்து நூலக வரியும் பிடிக்கிறார்கள். அதை நூலகங்களுக்குக் கொடுக்காமல் உள்ளாட்சிகள் கோடிக்கணக்கில் பாக்கி வைத்த கதை ஊரறிந்தது. அதற்கு வட்டி கேட்டு எந்த நூலகர் நோட்டீஸ் அனுப்புவார்?

என் மனுவுக்கு ஏழு மாதம் கழித்துப் பலன் கிடைத்தது. ஒருவர் டேப்போடு வந்தார். தகரக் கொட்டகையைப் பார்த்தார். 'இது தப்புதான் சார்' என்று ஒப்புக்கொண்டார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். வீட்டைச் சுற்றி வந்தார். அடுத்த மாதம் கடிதம் வந்தது. மனு ஏற்கப்பட்டு, கொட்டகை நீக்கப்பட்டுள்ளது. மறு அளவீட்டின்போது மொட்டை மாடிக்குச் செல்லும் படிக்கட்டு அறை இதுவரை கணக்கில் விடுபட்டது தெரியவந்ததால், வரி உயர்த்தப்பட்டுள்ளது. ஆட்சேபணை இருப்பின் மனுச் செய்யலாம்.