வெள்ளை மாளிகைக்கு வாய்த்த ரஷ்ய மருமகள்

1961 ஜூன் மாதம் வியன்னாவில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியும் சோவியத் தலைவர் குருஷ்சேவும் இரண்டு நாள் பேச்சுவார்த்தை நடத்தினார்கள். பேச்சு குருஷ்சேவுடையது, வார்த்தை வாங்கியது கென்னடி. ஏப்ரலில்தான் ரஷ்யர்கள் ககாரினை விண்ணுக்கு அனுப்பி இறக்கியிருந்தார்கள். குருஷ்சேவுக்குத் தலைகால் புரியவில்லை. பெர்லினைக் காட்டி மிரட்டினார், போரைக் காட்டி மிரட்டினார்.

இரவு விருந்தில் அவர் பக்கத்தில் ஜாக்குலின் கென்னடி. பேச விஷயம் தீர்ந்துபோகவே, விண்வெளிக்குப் போய்வந்த நாய் சௌக்கியமா என்று விசாரித்தார். அது குட்டி போட்டிருக்கிறது என்றார் குருஷ்சேவ். "எங்களுக்கும் ஒன்று அனுப்புங்களேன்" என்றார் அம்மணி. விருந்து வீட்டில் சொல்வதை எல்லாம் யார் நிஜமென்று எடுத்துக்கொள்கிறார்கள்? குருஷ்சேவ் எடுத்துக்கொண்டார். சில நாட்களில் வெள்ளை மாளிகை வாசலில் ஒரு வெள்ளைக் குட்டி வந்து இறங்கியது. பெயர் புஷின்கா. இது எப்படி இங்கே வந்தது என்று ஜனாதிபதி கேட்க, மனைவி விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

பெண் வீட்டார் லேசுப்பட்டவர்கள் அல்ல. தாய் ஸ்ட்ரெல்கா மாஸ்கோவில் தெருநாயாய்த் திரிந்தவள்தான். ஆனால் 1960 ஆகஸ்டில் பெல்கா என்ற இன்னொரு நாயோடும், ஒரு முயலோடும், ஏராளமான எலிகளோடும் பூமியைச் சுற்றிவிட்டு உயிரோடு திரும்பியவள். அந்தக் குடும்பத்துப் பெண் வாசலுக்கு வந்தால் ஆரத்தி எடுக்க வேண்டாமா? அமெரிக்க உளவுத்துறை எக்ஸ்ரே எடுத்ததாம். உடம்புக்குள் ஒட்டுக்கேட்கும் கருவி இருக்கிறதா என்று துருவித் துருவிப் பார்த்ததில், நாய்க்குள் நாய்தான் இருந்தது.

புஷின்காவைப் பார்த்துக்கொண்டவர் டிராபஸ் பிரையன்ட். எலக்ட்ரீஷியனாக வேலைக்கு வந்து நாய் மேய்க்க நேர்ந்தவர். கென்னடியின் மகள் கரோலினுக்குத் தோட்டத்தில் ஒரு சறுக்குமரம் இருந்தது. ஏணிப்படிக்கு ஒரு வேர்க்கடலை வைத்து, புஷின்காவை உச்சி வரை ஏறப் பழக்கினார் பிரையன்ட். ஏறினாள், அந்தப் பக்கம் சறுக்கிக்கொண்டு இறங்கினாள். அம்மா ராக்கெட்டில் ஏறினாள், மகள் ஏணியில் ஏறினாள். கூலி வேர்க்கடலையோடு முடிந்தது.

குணம் மட்டும் பிறந்த வீட்டுக் குணம். கரோலின் தடவப் போனால் உறுமினாள். அந்தச் சின்னப் பெண் பின்னால் போய் ஓர் உதை விட்டதாகவும், கேள்விப்பட்ட அப்பா ரஷ்யர்களுக்கு நல்ல பாடம் என்று குஷியானதாகவும் பிரையன்ட் தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார். வியன்னாவில் வாங்கியதற்கு வேறென்ன வழியில் ஆறுதல் தேடுவது? இத்தனைக்கும் கென்னடிக்கு நாய் முடி ஒவ்வாமை.

அந்த வீட்டில் ஏற்கெனவே சார்லி என்ற வெல்ஷ் டெரியர் இருந்தான். 1962 அக்டோபரில் கியூபா ஏவுகணைகளை வைத்து இரண்டு வல்லரசுகளும் உலகத்தையே சுடுகாடாக்கப் பார்த்த நாட்களிலும், இந்த இரண்டு நாய்களும் ஒரே தோட்டத்தில்தான் இருந்தன. ஜாதகம் பார்க்கவில்லை, கொள்கை ஒத்துவருமா என்று கேட்கவில்லை. 1963 ஜூனில் நான்கு குட்டிகள். நாய்க்குட்டிக்கான 'பப்' என்ற சொல்லை ஸ்புட்னிக் விண்கலத்தின் பெயரோடு முடிச்சுப் போட்டு, கென்னடி அவற்றை 'பப்னிக்' என்று அழைத்தார். ஒன்று கொடுங்கள் என்று நாடெங்கிலும் இருந்து ஆயிரக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. இரண்டு குட்டிகள் அப்படி எழுதிய குழந்தைகளுக்கே போயின.

அதே ஜூனில் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நேரடித் தகவல் இணைப்பு போட ஒப்பந்தமானது. சம்பந்திகள் அவசரத்துக்குப் பேச ஒரு லைன் வேண்டாமா? ஆகஸ்டில் அணுகுண்டுச் சோதனைத் தடை ஒப்பந்தமும் கையெழுத்தானது. இதில் குட்டிகளுக்குப் பங்கு உண்டு என்று எந்த வரலாற்றாசிரியரும் எழுதவில்லை. அவர்கள் நாய் வளர்த்ததில்லை போலும்.

நவம்பரில் கென்னடி சுடப்பட்டார். அடுத்த அக்டோபரில் குருஷ்சேவைச் சொந்தக் கட்சிக்காரர்களே வீட்டுக்கு அனுப்பினார்கள். புஷின்கா வெள்ளை மாளிகைத் தோட்டக்காரர் ஒருவர் வீட்டுக்குக் குடிபோனாள். அந்த மூவரில் கௌரவமாக ஓய்வு பெற்றவள் அவள் ஒருத்திதான்.