பக்திப் படம்தான், ஆனால்...

கே: கிறிஸ்தவப் படத்தில் நடிப்பு சொதப்பல் என்றால், "ஊழியத்தைக் குறை சொல்லாதே" என்று வாயை அடைக்கிறார்களே?

ப: ஆசரிப்புக் கூடாரம் கட்டும்போது, பக்தி உள்ளவர் யாராவது வந்து கை வையுங்கள் என்றா ஆண்டவர் சொன்னார்? பெசலெயேலைப் பேர் சொல்லி அழைத்து, பொன்னிலும் மரத்திலும் நுட்பமாக வேலை செய்யும் ஞானத்தையும் கொடுத்தார். யாத்திராகமம் 31-ஐக் காட்டிவிட்டுத் தாராளமாகக் குறை சொல்லுங்கள்.

கே: 'ஃபேஸிங் தி ஜயன்ட்ஸ்' பார்த்து அழுதேவிட்டேன். தேறுமா?

ப: கண்ணைக் கட்டிய மாணவன், முதுகில் இன்னொருவனைச் சுமந்தபடி மைதானம் முழுக்கத் தவழும் காட்சியில் யாருக்கும் அழுகை வரும். ஜார்ஜியாவின் ஆல்பனி நகரில் ஒரு பாப்டிஸ்ட் சபை, சுமார் 1 லட்சம் டாலரில் சபையாரையே நடிக்கவைத்து எடுத்து, 2006-இல் வெளியிட்ட படம். துணிச்சலுக்கு ஒரு கும்பிடு. உபதேசத்தில்தான் இடிக்கிறது. அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் ஆண்டவரிடம் திரும்புகிறார். தோற்ற அணி ஜெயிக்கிறது, லொடக்கு வண்டி போய்ப் புது டிரக் வருகிறது, குழந்தையில்லாத வீட்டில் மனைவி கர்ப்பம், நோஞ்சான் பையன் 51 கெஜத்திலிருந்து உதைத்த பந்தும் கம்பங்களுக்கு நடுவே போகிறது! தோற்றாலும் துதிப்போம் என்று பாத்திரங்கள் பேசுகின்றன. தோற்கவிடத்தான் இயக்குநருக்கு மனசு வரவில்லை. பவுல் மூன்று தரம் கேட்டும் அவர் உடம்பிலிருந்த முள் எடுபடவில்லை. அவருக்கு இந்தப் படத்தில் வேஷமே கிடைத்திருக்காது.

கே: வேதத்தில் இல்லாததைச் சேர்த்தாலே பிழையா?

ப: அப்படியானால் உங்கள் சபைக் கிறிஸ்துமஸ் நாடகத்தை முதலில் நிறுத்துங்கள். சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு எங்கும் எண்ணிச் சொல்லவில்லை. இயேசுவின் பாடுகளைக் காட்டும் மெல் கிப்சனின் 2004 படத்தில் பிலாத்துவின் மனைவி மரியாளுக்குத் துணி கொடுக்கிறாள். எமரிக் என்ற ஜெர்மன் கன்னியாஸ்திரியின் தரிசனங்களிலிருந்து எடுத்தது; இருந்துவிட்டுப் போகட்டும். இகழ்ந்த கள்ளனின் கண்ணை ஒரு காகம் வந்து கொத்துகிறதே, அதுதான் உறுத்துகிறது. அறைந்தவர்களுக்கே மன்னிப்புக் கேட்டு ஜெபித்தவரின் பக்கத்தில், பழிவாங்க ஒரு காகம் எதற்கு? துணி கதையை நிரப்புகிறது, காகமோ கடவுளின் குணத்தையே மாற்றிவிடுகிறது.

கே: 'லெஃப்ட் பிஹைண்ட்' நாவல்கள்?

ப: மொத்தம் 16. பறக்கும் விமானத்தில் உடுப்பு மட்டும் கிடக்க, ஆட்கள் மாயமாகும் தொடக்கம் பிரமாதம். விசுவாசிகளை ஆண்டவர் இப்படி எடுத்துக்கொள்வார் என்கிற இரகசிய வருகைப் போதனை 19-ஆம் நூற்றாண்டில் டார்பி என்ற போதகர் பரப்பியது. எல்லாச் சபைகளும் ஏற்றதல்ல. நாவலாக வாசியுங்கள், பஞ்சாங்கமாக வேண்டாம்.

கே: சபையில் இயேசு படம் போடப்போகிறோம். எதைப் போடலாம்?

ப: இத்தாலிய இயக்குநர் பசோலினியின் 1964 படம். வசனம் மத்தேயு எழுதியது. இயேசுவாக ஒரு ஸ்பானிய மாணவர், வயதான மரியாளாக இயக்குநரின் தாயார். வேகமாக நடந்துகொண்டே, திரும்பிப் பார்த்துப் பேசும் இயேசுவை வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். 2014-இல் வத்திக்கான் நாளேடே புகழ்ந்தது. இயக்குநர் மார்க்சியர், நாத்திகர் என்பதை மட்டும் போதகரிடம் படம் முடிந்தபிறகு சொல்லுங்கள்.