மலைமுழுங்கி

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. எல்லோருக்கும் அவர் மலைமுழுங்கி. ஊரார் பணத்தை ஏப்பம் விடுகிற மகாதேவன் வகை என்று நினைத்துவிடாதீர்கள். டீக்கடைக் கணக்கைக்கூட மாதக் கடைசியில் பைசா பாக்கியில்லாமல் தீர்க்கிற நேர்மையான மனிதர். விழுங்குவதெல்லாம் மலைகளை மட்டும்தான். சனி, ஞாயிறில் விழுங்கிவிட்டு, திங்கட்கிழமை காலையில் எங்கள் நடுவில் உட்கார்ந்து அசைபோடுவார்.

இந்த இனத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். சர்க்கரை அளவைப் பார்த்த டாக்டர் யாரோ, "கொஞ்சம் நடங்க சார்" என்று சொல்லியிருப்பார். சொன்னவர் மனதில் இருந்தது மெரினா. கேட்டவர் காதில் விழுந்தது இமயமலை. அன்றிலிருந்து, எண்ணிமாளாத பைகள் வைத்த கால்சட்டை. மணிக்கட்டில், நேரம் தவிர மற்ற எல்லாவற்றையும் காட்டுகிற கடிகாரம். எங்கள் அலுவலகம் நாலாவது மாடியில் இருக்கிறது. லிஃப்டில் வந்து இறங்கியதும் கடிகாரத்தைப் பார்த்து, "கடல் மட்டத்திலிருந்து 22 மீட்டர்" என்று அறிவிப்பார். படி ஏறலாமே என்று கேட்டால், "முட்டியை மலைக்குன்னு சேமிச்சு வெச்சிருக்கேன்" என்பார்.

பயிற்சி தினமும் உண்டு. வீட்டுக்குப் பின்னால் ஒரு காலிமனை, இடுப்பளவு புல்லும் கருவேலமுமாகக் கிடக்கிறது. மாலையானால் முதுகுப்பையில் பத்து கிலோ அரிசியை ஏற்றிக்கொண்டு அதற்குள் இறங்கிவிடுவார். முப்பது சுற்று முடிந்ததும் புல்லிலேயே மல்லாந்து கிடந்து மூச்சு வாங்குவார். இருட்டியபின் அரிசி மூட்டையோடு புதருக்குள்ளிருந்து வெளியே வருகிற ஆளைப் பார்த்து, ரேஷன் அரிசி கடத்தல் என்று காலனி வாட்ச்மேன் இரண்டு முறை விசாரணை நடத்தியிருக்கிறார்.

போன ஆகஸ்டில் அவர் விழுங்க நினைத்தது ஆனைமலை. துணைக்கு என்னையும் சேர்த்து இரண்டு பேர். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அந்தப் பக்கம் அட்டைகளுக்குத் தீபாவளி என்பதால், ஒரு வாரம் முன்னதாகவே எங்களுக்கு வகுப்பு எடுத்தார். தலைப்பு: 'கடிக்கும் பூச்சிகளும் தற்காப்பும்.' முதல் படமே அட்டை.

"சார், அட்டை பூச்சியே இல்ல, மண்புழுவுக்குப் பங்காளி" என்றாள் கணக்குப் பிரிவுப் பெண். வால்பாறை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். "எங்கம்மா கொழுந்து கிள்ளப் போறப்ப ஒரு குச்சி முனையில உப்பைத் துணியில முடிஞ்சு எடுத்துட்டுப் போவாங்க. ஒரு ஒத்து ஒத்தினா விழுந்துடும்."

மலைமுழுங்கி அவளைப் பரிவோடு பார்த்தார். நாலு வெளிநாட்டுக் காணொளிகளைக் கரைத்துக் குடித்தவரிடம் வந்து உப்பு முடிச்சைப் பற்றிப் பேசுகிறதே இந்தக் குழந்தை என்கிற பரிவு.

அட்டை விஷயத்தில் நாட்டில் பல கட்சிகள் உண்டு. உப்புக் கட்சி பழையது. புகையிலைக் கட்சி, மூக்குப்பொடிக் கட்சி இரண்டும் அதிலிருந்து பிரிந்தவை என்று சொல்லலாம். வேப்பெண்ணெய்க் கட்சி, சுண்ணாம்புக் கட்சி, சோப்புக் கட்சி என்று உதிரிகள் வேறு. மலைமுழுங்கி யாரையும் பகைத்துக்கொள்ளவில்லை. எல்லோரையும் சேர்த்து மெகா கூட்டணி அமைத்தார். பாதத்திலிருந்து முட்டிவரை வேப்பெண்ணெய், அதன் மேல் உப்பு, அதன் மேல் மூக்குப்பொடி, அதன் மேல் முட்டிவரை இழுத்துக் கட்டுகிற அட்டை உறை, அதற்கும் மேலே டீட் என்கிற பூச்சிவிரட்டி. அமெரிக்க ராணுவத்துக்காக 1946-இல் உருவான மருந்து அது என்று பெருமையாகச் சொன்னார். உண்மைதான். அதற்குப் பிளாஸ்டிக்கைக் கரைக்கிற குணமும் உண்டு என்பதை மட்டும் காணொளிக்காரர் சொல்லவில்லை போலிருக்கிறது. மருந்து தடவிய விரலால் கடிகாரத்தைத் தொட்டார். கண்ணாடியில் அவர் கட்டைவிரல் ரேகை நிரந்தரமாகப் பதிந்துவிட்டது. அதற்குப்பின் ஆனைமலையின் உயரத்தை அந்த ரேகை வழியாக உத்தேசமாகத்தான் படிக்க முடிந்தது. பழைய ஊறுகாய் ஜாடிக்குள் பொடி டப்பா விழுந்தால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு வாசனை. கொசு அவரை அண்டவில்லை. நாங்களும் அண்டவில்லை.

2018-இல் குரங்கணிக் காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதிலிருந்து, அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் காட்டுக்குள் நுழைய முடியாது. எங்களுக்கு வாய்த்தவர் மலசர் பெரியவர் ஒருவர்; யானைப்பாகன் குடும்பம். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார்; காலில் ரப்பர் செருப்பு. மலைமுழுங்கி அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, அட்டை ஏறாதா?"

"ஏறுமுங்க. ஏறுறது தெரியும், எடுத்து வீசிப்போடலாம். பூட்ஸுக்குள்ள போனா எங்கிங்க தெரியுது?"

ஒற்றையடிப்பாதையில் அரை மணி நேரம் நடந்திருப்போம். ஒரு இலை நுனியில் நூல் துண்டுபோல ஒன்று நின்று காற்றைத் துழாவியது. மலைமுழுங்கி கையைத் தூக்கி எங்களை நிறுத்தி உரையைத் தொடங்கினார். இரண்டு முனையிலும் உறிஞ்சி, மூன்று தாடை, கடித்தால் வலி தெரியாது, ரத்தத்தை உறையவிடாத ஹிருடின் என்கிற பொருளை உள்ளே செலுத்திவிடும். "சித்த வைத்தியத்துல அட்டை விடல்னு ஒரு சிகிச்சையே இருக்கு, தெரியுமா?" நின்ற இடத்திலேயே பதினைந்து நிமிடம். மிதிக்கிற அதிர்வு, உடம்புச் சூடு, விடுகிற மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு, இவற்றை வைத்துத்தான் அட்டை ஆளைக் கண்டுபிடிக்கிறது என்று அவர் மூச்சு விடாமல், அதாவது நிறைய மூச்சு விட்டு, விளக்கிக்கொண்டிருந்தபோதே, நாலா பக்கமும் சருகுகளுக்கடியிலிருந்து சாண்போட்டு அளந்தபடி அவை வந்துகொண்டிருந்தன. அட்டைகளைப் பற்றிய அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அட்டைகளே.

கூட்டம் கலைந்தபோது என் காலில் ஏழு. நண்பர் காலில் பதினொன்று. பெரியவர் நகத்தை உறிஞ்சிக்கடியில் கொடுத்து நெம்பி, சுண்டி எறிந்தார். பிடித்து இழுக்கக்கூடாதாம். உப்பும் நெருப்பும் வைத்தால் விழும், ஆனால் குடித்ததைக் காயத்திலேயே கக்கிவிட்டுப் போகுமாம். மலைமுழுங்கி காலில் ஒன்றும் இல்லை. கூட்டணி வெற்றி என்று அவர் அறிவித்தபோது, கழுத்துக்குப் பின்னால் திராட்சைப்பழம்போல ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. முட்டிக்கு மேல் கூட்டணிக்கு வேட்பாளர் இல்லை.

இங்கேதான் வினை ஆரம்பம். "முதல்ல போறவன் அட்டையை எழுப்புவான், பின்னால வர்றவன் அதுக்குச் சோறு போடுவான்" என்று ஒரு மலையேற்றப் பொன்மொழி சொல்லிவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு முன்னால் பாய்ந்துவிட்டார். பெரியவர் நண்பரின் பதினொன்றில் ஐந்தாவதை எடுத்துக்கொண்டிருந்தார். பாதை இரண்டாகப் பிரிகிற இடம் வந்தது. இடதா, வலதா? நின்று கேட்டிருக்கலாம். இந்த இனத்துக்கு வழி கேட்பது மட்டும் ஆகாது. பஸ் ஸ்டாண்டில் கழிப்பறை எங்கே என்றுகூடச் செல்போனில் தேடுகிற சாதி.

செல்போனை எடுத்தார். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைக்கவில்லை. சாம்பல் நிறக் கட்டங்களுக்கு நடுவே ஒரு நீலப் புள்ளி துடித்தது. நாங்கள் பூமியில் இருக்கிறோம் என்பது உறுதியாயிற்று. அடுத்து திசைகாட்டி. அது வடக்கு என்று காட்டிய பக்கம் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. சூரியன்தான் வழி தவறிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தார். பிறகுதான் பார்த்தேன், திசைகாட்டியைச் செல்போன் உறையின் காந்த மூடி மேல் வைத்திருக்கிறார். அந்த முள் பாவம், அடுத்தடுத்து வேறு வேறு வடக்குகளைக் காட்டிக் களைத்துப்போனது.

"கவலைப்படாதீங்க. மரத்துல வடக்குப் பக்கம்தான் பாசி பிடிக்கும்."

குளிர்நாட்டுக் காட்டில் அப்படி இருக்கலாம். ஆகஸ்டில் ஆனைமலை மரத்தைச் சுற்றி வந்து பார்த்தோம். வடக்கிலும் பாசி, தெற்கிலும் பாசி. ஐந்து நிமிடம் அசையாமல் நின்றிருந்தால் எங்கள் மேலும் பிடித்திருக்கும். "ராத்திரியானா துருவ நட்சத்திரம் இருக்கு" என்றார். பத்தரை பாகை அட்சரேகையில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து பத்தரை பாகை உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கி அடிவானத்தில் வைத்தால் அதற்குள் மறைகிற உயரம். அந்த உயரத்தில் எங்களைச் சுற்றி இருந்ததெல்லாம் மலையும் மரமும், மேலே மழை மேகமும். கடைசியாக, "ஓடையைப் பிடிச்சுக் கீழே இறங்கினா ஊர் வந்துடும்" என்றார். இந்த மலைகளில் ஓடையைப் பிடித்துப் போனால் பல இடத்தில் முதலில் வருவது அருவியின் உச்சி என்பது எனக்கே தெரியும். நான் ஒரு பாறையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். அதிலும் அட்டை.

நாற்பது நிமிடம் கழித்து மூங்கில் புதரை விலக்கிக்கொண்டு பெரியவர் வந்தார். அவசரப்பட்டு வந்தவர்போலத் தெரியவில்லை.

"எப்படிங்க கண்டுபுடிச்சீங்க? காலடித் தடமா? ஒடிஞ்ச கிளையா?" என்று ஆர்வமாகக் கேட்டார் மலைமுழுங்கி.

"இல்லீங்க. வாசம்." பெரியவர் மூக்கை லேசாகச் சுருக்கினார். "அந்தப் பிரிவுல நின்னேன், இந்தப் பக்கம்தான் வந்துச்சு. ஆனைகூட இன்னிக்கு இந்தச் சரிவுக்கு வராதுங்க."

திரும்பும்போது, கேட்டதற்கெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். நாங்கள் பிடித்தது கடமான் தடம். அது தண்ணிக்கு இறங்கி அங்கேயே முடிந்துபோகும். பன்றி போன தடம் என்றால் முதுகு உயரத்துக்கு மேல் செடி மூடிக்கிடக்கும், அதனால் மனுசன் குனிய வேண்டியிருந்தால் அது மனுசன் பாதை இல்லை. யானைத் தடம் அகலம். அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு செங்குத்தாக ஏற முடியாது என்பதால் சரிவைச் சுற்றி நோகாமல் போகும். "வழி தெரியலீன்னா நடக்கக்கூடாதுங்க. நின்ன இடத்துல நிக்கோணும். நின்னாத்தானே தேடுறவனுக்குத் தோது?" செலவில்லாத இந்த ஒரு யோசனை மலைமுழுங்கியின் எந்தக் காணொளியிலும் இல்லை.

அன்றிரவு விடுதியில் விளக்கைப் போட்டபோது அவர் மெத்தையின் நட்டநடுவில் ஓர் அட்டை கிடந்தது. மெத்தையில் வைத்தாலும் அட்டை குட்டையைத் தேடும் என்பது பழமொழி. இது தேடவில்லை. வயிறு நிறைந்து சுகமாகக் கிடந்தது. பழமொழி சொன்னவர் அதற்கு முதலில் சாப்பாடு போட்டுப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

திங்கட்கிழமை அசைபோடும் படலம். முதல் டீயில் அட்டை ஒன்று. இரண்டாவது டீயில் முப்பது. வழி தவறியது 'புதிய தடம் ஒன்றை ஆராய்ந்தது' ஆகிவிட்டது. பெரியவர் கதையிலிருந்து மெல்ல மெல்லப் பின்வாங்கி, புதன்கிழமை வாக்கில் முற்றிலும் காணாமல் போனார். கணக்குப் பிரிவுப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உப்பு முடிச்சு கொண்டு போனீங்களா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

பத்தாம் நாள் அவர் அலுவலகத்துக்கு வரவில்லை. காய்ச்சல் 103. மண்டை பிளக்கிற தலைவலி. மூன்று நாள் கஷாயமும் மாத்திரையும் கேட்காமல் போகவே, நானும் அவர் மனைவியும் டாக்டரிடம் அழைத்துப்போனோம். சின்ன வயது டாக்டரம்மா. நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், அதோடு விடாமல் சட்டையைத் தூக்கி, பெல்ட் இறுக்குகிற இடத்தில் தேடினார். அங்கே சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு. வலி இல்லாததால் அவரே பார்த்திருக்கவில்லை.

"உண்ணிக்காய்ச்சல். ஸ்க்ரப் டைபஸ்னு சொல்லுவோம். கடிச்சது கால் மில்லிமீட்டர்கூட இருக்காத ஒரு ஒட்டுண்ணிக் குஞ்சு. அது மூலமா ஒரு பாக்டீரியா உள்ள போயிருக்கு. இன்னும் லேட்டா வந்திருந்தா நுரையீரல், கிட்னின்னு போயிருக்கும். டாக்சிசைக்ளின் எழுதறேன், ரெண்டு நாள்ல காய்ச்சல் இறங்கிடும். புதர், புல்லுன்னு எங்கயாவது போனீங்களா?"

அத்தனை காய்ச்சலிலும் மலைமுழுங்கியின் முகம் மலர்ந்தது. எழுந்து உட்கார்ந்தார். "ஆனைமலை, டாக்டர்! அடர்ந்த காடு! அட்டை மட்டுமே..."

"அதுக்கு அவ்வளவு தூரம் போகணும்னு இல்லையே" என்றார் டாக்டரம்மா எழுதிக்கொண்டே. "வீட்டுப் பக்கத்துல காலிமனை ஏதாவது இருக்கா?"

"பின்னாடியே இருக்கு டாக்டர்" என்றார் மனைவி. "தினமும் சாயங்காலம் அரிசி மூட்டையோட அங்கதான் உருண்டுட்டு வருவார்."

"அது போதுமே."

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். மலைமுழுங்கி மெல்லக் கையை நீட்டி, எழுதிக்கொண்டிருந்த சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர்... சீட்டுல ஆனைமலைன்னு மட்டும் எழுதிடுங்க."